திருகோணமலைக்கான வெட்டுப்புள்ளி

எங்கள் வீதிப் பிள்ளைகள் என்னிடம் வந்து நுண்ணுயிரியல் படிக்க என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறார்கள். நான் படித்தவள் என்று யாரோ சொல்லி வருவதில்லை. சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக் கொடியில் ஒரு வெள்ளைக் கோட்டு காயும், அதைக் கண்டுவிட்டு வருகிறார்கள். அந்தக் கோட்டு மீன் கொம்பனியுடையது. தோய்த்து, திங்கட்கிழமை திரும்பப் போட்டுக்கொண்டு போகவேண்டும். ஆனால் பிள்ளைகளுக்குக் கோட்டுத்தான் கண்ணில் படுகிறது.

கேட்டால் சொல்லிக்கொடுப்பேன், ஏன் சொல்லாமல்? விதிகள் எல்லாம் எனக்குப் பாடம். உயர்தரத்தில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் சித்தியாக வேண்டும். பொதுச் சாதாரணப் பரீட்சை என்று ஒன்று வரும், அதை விளையாட்டாக எடுக்கக்கூடாது. விண்ணப்பத்தில் நுண்ணுயிரியல் என்ற பெயரைத் தேடி மண்டை காயாதீர்கள், பெரும்பாலும் அந்தப் பெயர் அங்கே இராது. உயிரியல் விஞ்ஞானம் என்றுதான் கேட்கவேண்டும். உள்ளே போய், முதல் வருடங்களில் நல்ல புள்ளி எடுத்தால், பிறகு சிறப்புப் பட்டத்துக்கு நுண்ணுயிரியலைத் தருவார்கள். புள்ளி காணாவிட்டால் தாவரமோ விலங்கோ எது மிச்சமோ அது.

இதெல்லாம் சொல்ல முதல் நான் ஒன்று கேட்பேன். "நீர் எங்க படிக்கிறீர்? வீட்டைக் கேக்கேல்லை, பள்ளிக்கூடத்தைக் கேக்கிறன்." பிள்ளைகள் முழிப்பார்கள். இந்த மனுசிக்கு என்ன விசரோ என்று நினைப்பார்களாக்கும். நினைக்கட்டும்.

நான் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது எங்கள் வீதியில் வயிற்றோட்டம் வந்தது. மழை பெய்து கிணறுகள் எல்லாம் நிறைந்து, மலசலகூடக் குழிகளும் நிறைந்து, எது எதற்குள் போனதென்று தெரியாத மாதம். முன்வீட்டுக் கைக்குழந்தை செத்துப்போனது. காலையில் அழுத பிள்ளை பின்னேரம் இல்லை. சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணறுகளுக்குள் வெள்ளைத் தூளைக் கொட்டினார், ஒரு சின்னப் போத்தலில் எங்கள் கிணற்றுத் தண்ணீரை எடுத்தார். எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டேன்.

"கொழும்புக்குப் போகுது பிள்ளை. இஞ்ச பாக்க ஏலாது."

முடிவு வந்தபோது வயிற்றோட்டம் நின்று, குழந்தையைப் புதைத்த இடத்தில் புல்லும் முளைத்துவிட்டது. தண்ணீரில் கிருமி இருந்தது என்று எழுதியிருந்தார்களாம். அது எங்களுக்கும் தெரிந்ததுதான். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அந்தப் போத்தலை இங்கேயே வைத்துப் பார்க்கிற ஆளாக நான் வரவேண்டும் என்று அன்றைக்குத் தீர்மானித்தேன். பதினைந்து வயதுப் பெண் எடுக்கிற தீர்மானம்தான், ஆனாலும் அது மாறவில்லை. நான் படிக்க விரும்பியது வேறொன்றும் இல்லை.

அப்பா மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றுகிறவர். படிப்புப் பற்றி அவருக்குப் பெரிதாகத் தெரியாது, ஆனால் கிருமி என்றால் கேட்டுக்கொண்டே இருப்பார்.

"ஐஸுக்குள்ள போட்டா கிருமி செத்துப்போகும் என்ன?"

"இல்லை அப்பா. நித்திரை கொள்ளும். வெயில்ல வைச்சா எழும்பும்."

"அறுந்ததுகள்," என்று சொல்லிச் சிரிப்பார். பிறகு துறைமுகத்தில் கூடவேலை செய்கிறவர்களுக்கும் சொல்லிவிடுவார். என்ர மகள் கிருமிக்குப் படிக்கப்போகிறாள் என்று அவர் சொல்லாத ஆள் அங்கே இல்லை.

சாதாரண தரம் நல்லாக வந்தது. உயர்தரத்துக்கு விஞ்ஞானப் பிரிவு என்று போய் நின்றால், எங்கள் பள்ளிக்கூடத்தில் இரசாயனவியல் படிப்பித்தவர் இடமாற்றத்தில் போய்விட்டார். அவருடைய இடத்துக்கு ஆள் வரும் வரும் என்றார்கள். முதல் தவணை முழுக்க அந்தப் பாடவேளையில் நாங்கள் கதைத்துக்கொண்டிருந்தோம். அம்மாவுக்கு அந்தரம். மட்டக்களப்பில் சின்னம்மா இருந்தா, அம்மாவின் தங்கை. அங்கே கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடம், இரசாயனவியல் வகுப்பெடுக்கிற பெயர்பெற்ற ஒரு சேர், வாவிக்கரையில் வீடு, எனக்கென்று ஒரு மேசை. சின்னம்மாதான் சொன்னா, "அனுப்புங்கோ அக்கா, நான் பாக்கிறன் பிள்ளையை." எங்கள் கோயில் பங்கில் இருந்து அந்தக் காலத்தில் இன்னும் சில பிள்ளைகளும் அப்படிப் போனார்கள். போகாதே என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்த ஒருவரும் எங்கள் பக்கத்தில் இருக்கவில்லை.

மட்டக்களப்பு பஸ் மூதூரைத் தாண்டி, வயல்களுக்குள்ளால் போய், வெருகலில் ஆற்றைக் கடக்கும். பாலத்தில் ஏறும்போது பஸ்ஸில் இருக்கிற சனம் முருகன் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிடும். நான் கும்பிடுவதில்லை, ஆனால் அந்த இடத்தில் எழும்பிச் சீலையை, பையைச் சரிபண்ணுகிற சனத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதுதான் மாவட்ட எல்லை. பொங்கலுக்கும் நத்தாருக்கும் ஈஸ்டருக்கும் அந்தப் பாலத்தை எத்தனையோ தடவை கடந்திருக்கிறேன். எல்லை என்றால் பெயர்ப்பலகை என்றுதான் நினைத்திருந்தேன்.

இரண்டு வருடம் படித்தேன். சின்னம்மா சமைத்துப் போட்டா, என் உடுப்பைத் தோய்த்தா, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் இருந்தா. சேர் நல்லாகவே படிப்பித்தார். பரீட்சை எழுதிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

பெறுபேறு வந்தபோது மூன்று பாடமும் சித்தி. மருத்துவத்துக்குக் காணாது, அது எனக்கு வேண்டவும் வேண்டாம். மூன்று பாடத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்துப் போடுகிற இசட் புள்ளியைப் பார்த்துவிட்டு அம்மா சந்தோசத்தில் அழுதா. இன்டர்நெட் உள்ள கொமினிகேஷன் கடையில் இருந்துதான் விண்ணப்பம் நிரப்பினோம். உயிரியல் விஞ்ஞானத்தை முதலில் போட்டேன். கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"பிள்ளை, கூடின வெட்டுப்புள்ளி உள்ளதை மேல போடவேணும். புள்ளியை வீணாக்கிறதோ?"

"எனக்கு வேண்டினதைத்தான் போடுறன், அண்ணை."

வெட்டுப்புள்ளி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கம்பஸ் என்கிற பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு படிப்புக்கும் இடங்கள் இருக்கின்றன. கொஞ்ச இடம் நாடு முழுவதிலும் கூடின புள்ளி எடுத்தவர்களுக்கு, மிச்சம் மாவட்டம் மாவட்டமாகப் பிரித்து. ஒரு மாவட்டத்திலிருந்து கடைசியாக உள்ளே போகிற பிள்ளையின் புள்ளி எதுவோ, அதுதான் அந்த மாவட்டத்துக்கு வெட்டுப்புள்ளி. வசதி குறைந்த மாவட்டம் என்று திருகோணமலைக்குத் தனியாகவும் சில இடங்கள் உண்டு. இது சலுகை என்று சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். இரசாயனவியலுக்கு ஆசிரியர் இல்லாத வகுப்பில் ஒரு தவணை இருந்து பார்த்துவிட்டு வந்து சுளிக்கட்டும்.

நாங்கள் எங்களைத் திருகோணமலை என்றுதான் நினைத்திருந்தோம். அப்பா வாக்குப் போடுவது இங்கே. நான் ஞானஸ்நானம் பெற்றது இங்கே. கிராம அலுவலர், எங்கள் விதானையாரிடம் போய் வதிவிடச் சான்று எடுத்து, அதைக் கசங்காமல் அலுமாரிக்குள் வைத்திருந்தா அம்மா. வேறென்ன வேண்டும்?

வெட்டுப்புள்ளிகள் வந்தன. உயிரியல் விஞ்ஞானத்துக்குத் திருகோணமலை என்ற வரியைப் பார்த்தேன். என் புள்ளி அதற்கு மேலே. மயிரிழையில் இல்லை, நல்லாகவே மேலே. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்பா துறைமுகத்துக்கு ஓடிப்போய் எல்லோருக்கும் சொல்லிவிட்டு வந்தார். ஞாயிறு பூசையில் ஃபாதர் எனக்காக மன்றாட்டு ஒன்று சொன்னார். முன்வீட்டுத் தாய், அந்தக் குழந்தையின் தாய், குசினிக்குள் வந்து என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனா.

அதற்குப் பிறகு தெரிவானவர்களின் விபரம் வந்தது. நான் இல்லை.

ஏதோ பிழை என்று நினைத்து, கொழும்பில் கம்பஸ் அனுமதி கொடுக்கிற அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். மறுமுனையில் இருந்த பெண் மரியாதையாகத்தான் கதைத்தா. அவவில் ஒரு பிழையும் இல்லை.

"உங்கட மாவட்டம் மட்டக்களப்பு, மிஸ். அதுக்கு உங்கட புள்ளி காணாது."

"நான் திருகோணமலை. வீடு, ஐடென்டிகாட் எல்லாம் திருகோணமலை."

"வீட்டைப் பாக்கிறேல்லை. கடைசி மூண்டு வருசத்தில கூடின காலம் எந்த மாவட்டத்துப் பள்ளிக்கூடத்தில படிச்சீங்களோ, அதுதான் உங்கட மாவட்டம். புத்தகத்தில இருக்குது."

விண்ணப்பத்தோடு வாங்கிய அனுமதிப் புத்தகத்தில் இருந்தது. தமிழிலேயே இருந்தது. பாடத்தைத் தேடி, கம்பஸைத் தேடி, எத்தனையோ பக்கம் புரட்டிய நாங்கள் அந்தப் பக்கத்தை எங்களுக்குரியது என்று நினைக்கவில்லை. ஊரை விட்டு வந்தவர்களுக்கான விதி என்று நினைத்தோம். நாங்கள் எங்கே ஊரை விட்டோம்?

"எங்கட வீடு எங்கயும் போகேல்லையே," என்றார் அப்பா. அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். மேன்முறையீடு எழுதினோம். ஃபாதர் எழுதித் தந்தார், விதானையார் எழுதித் தந்தார். பதில் ஒரு வரியில் வந்தது. வெருகல் ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு புள்ளி, அந்தப் பக்கம் ஒரு புள்ளி, நடுவில் நான்.

இன்னொரு முறை எழுதினேன். மனம் படிப்பில் இல்லை, புள்ளி இன்னும் இறங்கியது. பரீட்சை எழுதிய அதே மாதத்தில் அப்பாவின் காலில் ஐஸ் கட்டி விழுந்து பாதம் நொறுங்கியது. மூன்றாம் முறை எழுத உரிமை இருந்தது. வீட்டில் ஆள் உழைக்கவேண்டியும் இருந்தது.

அம்மா சின்னம்மாவோடு கதைப்பதை விட்டுவிட்டா. இரண்டு வருடம் எனக்குச் சோறு போட்ட மனுசி. அனுப்புங்கோ என்று சொன்னது அவதானே, அதுதான் குற்றமாம். சின்னம்மா தொலைபேசி எடுத்தால் அம்மா என்னிடம் தந்துவிட்டு முற்றத்துக்குப் போவா. சின்னம்மா அழுவா. நீ படித்த மேசையை இன்னும் எடுக்கவில்லை, நீ வந்தால் இருக்கும் என்பா. போன வருடம் அவவின் செத்தவீட்டுக்கு நாங்கள் பஸ்ஸில் போனோம். பாலத்தில் ஏறும்போது அம்மா தலையைக் குனிந்துகொண்டா. நான் அம்மாவின் கையைப் பிடிக்கவில்லை. கோபம் இன்னும் இருக்கிறது.

உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்த பெண் வேண்டும் என்று மீன் கொம்பனியில் கேட்டார்கள். ஏற்றுமதிக்கு மீன் வெட்டிப் பொதிபண்ணுகிற இடம். அதற்குள் ஒரு சின்ன ஆய்வுகூடம். நான் மீன் வெட்டுகிற பெண்களின் உள்ளங்கையைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுப்பேன். ஐஸ், தண்ணீர், மீன் துண்டு எல்லாவற்றிலும் மாதிரி எடுப்பேன். கிருமி முளைக்கவைக்கிற ஊடகம் காய்ச்சித் தட்டுகளில் ஊற்றுவேன், முளைத்ததை எண்ணுவேன், கடைசியில் எல்லாவற்றையும் அவித்துக் கொட்டிக் கழுவுவேன். கையெழுத்துப் போடுகிறவர் பட்டதாரியாக இருக்கவேண்டும், அது விதி. பட்டதாரிகள் வருவார்கள், போவார்கள். ஒருவர் கட்டாருக்குப் போனார். ஒரு மிஸ்ஸுக்குப் பள்ளிக்கூடத்தில் அரசாங்க நியமனம் கிடைத்தது. நான் இருக்கிறேன்.

போன வருடக் கடைசியில் புது மிஸ் வந்தா. எங்கள் மாவட்டத்துக் கிண்ணியாவில் இருந்து வந்த பிள்ளை. என் வயதுதான் இருக்கும் என்று பார்த்ததும் தெரிந்தது, ஆனாலும் அவ என்னை அக்கா என்றா, நான் அவவை மிஸ் என்றேன். முதல் கிழமை அவவில் ஏதாவது பிழை கண்டுபிடிக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இருந்தால் சந்தோசப்பட்டிருப்பேன். ஒன்றும் அகப்படவில்லை. வேலை அப்படிச் சுத்தம்.

எங்களிடம் ஒரு பச்சை ஊடகம் இருக்கிறது. கடல் மீனில் இருந்து எடுத்ததை அதில் தேய்த்து வைத்தால் சில வேளை மஞ்சள் புள்ளிகள் முளைக்கும், சில வேளை பச்சைப் புள்ளிகள். மஞ்சள் வந்தால் உடனே சொல்லவேண்டும் என்று முதல் இருந்தவர் சொல்லித் தந்தார். நானும் இவ்வளவு காலமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்குத் தட்டைப் பிடித்துக்கொண்டு, "மஞ்சள் வந்திருக்கு மிஸ்," என்றேன்.

அவ வாங்கி வெளிச்சத்தில் பிடித்தா. "இது சீனியைத் தின்னிற சாதி அக்கா. இந்தப் பச்சைக்குள்ள சீனி போட்டிருக்கு. தின்னேக்க அமிலம் வரும், அமிலம் பட்டா பச்சை மஞ்சளாகும். மற்றது அந்தச் சீனியைத் தொடாது, அதால பச்சையாவே இருக்கும். வாந்திபேதிக் கிருமியும் இப்பிடி மஞ்சளாத்தான் வரும், அதுதான் உடனே பாக்கச் சொல்றது."

நான் ஓம் என்று தலையாட்டினேன். பிறகு கழுவுகிற தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். எத்தனை வருடம் மஞ்சளைப் பார்த்தேன், ஏன் மஞ்சள் என்று எனக்குத் தெரியாது. ஒருவரும் மறைத்து வைக்கவில்லை, எனக்குச் சொல்லவேண்டிய தேவை ஒருவருக்கும் வரவில்லை. கம்பஸ் என்றால் பட்டம், பட்டமளிப்புப் படம், உத்தியோகம் என்றுதான் வீதியில் கதைப்பார்கள். எனக்குக் கிடைக்காமல் போனது இதுதான் என்று அந்தத் தொட்டியடியில் விளங்கியது. பொறாமை என்று சொல்லலாம், மறுக்கமாட்டேன்.

தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் அவ தன்னுடைய கதையைச் சொன்னா. நுண்ணுயிரியலில் சிறப்புப் பட்டம், நல்ல சித்தி. முடித்துவிட்டு ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை கேட்டுப் போனாவாம். அங்கே எடுப்பது மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பம் படித்துப் பதிவெடுத்த ஆட்களை. அது வேறு படிப்பு, வேறு வாசல். நுண்ணுயிரியல் படித்தவர்களுக்கு அந்த வாசல் இல்லை. தண்ணீர் பரிசோதிக்கிற இடங்களில் எப்போதாவது ஒரு வெற்றிடம், அதற்கு நாடு முழுக்க வரிசை. பால் கொம்பனி, மருந்துக் கொம்பனி எல்லாம் கொழும்புப் பக்கம். தனியாக அங்கே போய் இருக்க வாப்பா விடவில்லை. அரசாங்க வேலை கேட்டுப் போராடிய வேலையில்லாப் பட்டதாரிகளோடு வீதியோரக் கொட்டகையில் இருந்தாவாம், டியூஷன் கொடுத்தாவாம், கடைசியில் இந்த மீன் மணத்துக்குள் வந்தாவாம்.

"அப்ப கிணத்துத் தண்ணியை இஞ்சயே பாக்கிற வேலை ஒண்டும் இல்லையோ மிஸ்?"

"அதுக்கு ஆர் அக்கா இங்க ஆள் எடுக்கிறாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பில்லை.

"ஆனாலும் நான் அதிர்ஷ்டக்காரி," என்றா அவ. "பள்ளிக்கூடத்தில ஒருத்தரும் நம்பேல்ல. நான் ஊருக்குள்ளேயே படிச்சனான், எங்கயும் போகேல்ல, வாப்பா அனுப்பமாட்டன் எண்டுட்டார். அந்த வருசம் உயிரியல் விஞ்ஞானத்துக்குத் திருகோணமலை வெட்டுப்புள்ளி இருக்குதே, அது என்ர புள்ளி. கடைசி ஆள் நான்தான்."

எந்த வருடம் என்று கேட்டேன். சொன்னா. என்னுடைய வருடம்.

அந்த இலக்கம் எனக்கு மனப்பாடம். பஸ்ஸில் இருக்கும்போது, தட்டு கழுவும்போது, அது தானாக வரும். என் புள்ளிக்குக் கீழே நிற்கிற இலக்கம். அது வெறும் இலக்கம் என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அதற்கு முக்காடு போட்ட ஒரு முகம் இருந்தது, கையில் தேத்தண்ணிக் கோப்பை இருந்தது. நான் எங்கள் பள்ளிக்கூடத்திலேயே குந்தியிருந்திருந்தால் இந்தப் பிள்ளை வெளியே நின்றிருக்கும். நான் ஆற்றைக் கடந்தபடியால் அவ உள்ளே போனா. அவவுக்கு அது தெரியாது. தெரிந்துதான் என்ன செய்வது?

"நீங்க ஏன் அக்கா கம்பஸ் போகேல்ல? உங்கட கைக்கு இந்த வேலை அப்பிடி வருது. எழுதினீங்கதானே?"

"எழுதினன் மிஸ். புள்ளி காணாது."

"கனக்கக் குறைஞ்சதோ?"

"கொஞ்சம்."

சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. என் இலக்கத்தை அவவின் இலக்கத்துக்குப் பக்கத்தில் வைத்தால் போதும், ஒரு வசனம்கூடத் தேவையில்லை. ஆனால் அவ கோப்பையை வைத்துவிட்டு என் கையைப் பிடித்தா. பிடித்த பிடியில் உண்மையான கவலை இருந்தது.

"பாவம் அக்கா நீங்க. இன்னும் கொஞ்சம் பாடுபட்டுப் படிச்சிருந்தா கிடைச்சிருக்கும்."

"ஓம் மிஸ்," என்றேன்.

பிறகு அன்றைய தட்டுகளை, அந்த மஞ்சள் முளைத்ததையும் சேர்த்து, அவிக்கிற பானைக்குள் அடுக்கி மூடியை இறுக்கினேன்.